பவுடர் மேல் போட்ட பழி

என் வாலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாமல், உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதுகிறேனே தவிர, ஞாயிற்றுக்கிழமை போனில் நீ "நல்லா இருக்கேம்மா" என்று சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றுகிற வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. உண்மையிலேயே நன்றாக இருப்பவர்கள் அத்தனை அவசரமாகச் சொல்ல மாட்டார்கள். இங்கே அப்பா சுகம், அத்தை சுகம், கடையும் மெஷின்களும் சுகம். நான் சுகமா இல்லையா என்பதைத்தான் மீதிக் கடிதம் முழுக்க எழுதப்போகிறேன், அதனால் நீ வேலை பார்க்கிற அந்த அணைக்கட்டு மேல் நின்றபடி படிக்காமல் அறைக்குப் போய் உட்கார்ந்து படி. உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. விரலெல்லாம் வீங்கியிருக்கிறது, பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்தால் கை மரத்துப்போகிறது, உதறிவிட்டு உதறிவிட்டு எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். நம் போன் எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியாதா, கவுண்டர் மேல். நீ பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார், அப்பா ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம், சலவைக்குப் போட்ட கோட்டை வாங்க வந்தவர் ஒரு பக்கம் என்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். அதில் நான் என்ன சொல்ல.

முதலில் உடம்பு. கடைசி மாதம் என்பதே ஒரு தண்டனை என்பதை நான் மறந்தே போயிருந்தேன், நீ வயிற்றில் இருந்தபோது எனக்கு உன் இப்போதைய வயதுதான், கெமிஸ்ட்ரி கடைசிப் பரீட்சையை வயிறு மேசையில் இடிக்க இடிக்க எழுதிவிட்டு வந்தேன், ஒரு களைப்பும் தெரியவில்லை. இப்போது நாற்பது நெருங்குவதற்குள்ளேயே உடம்பு கணக்குக் கேட்கிறது. படுத்தால் நெஞ்செரிச்சல், அதனால் மூன்று தலையணையை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்குகிறேன். உன் தம்பியோ தங்கையோ, அது வலது விலா எலும்புக்குக் கீழே ஒரு காலை வைத்துக்கொண்டு வீட்டுக்காரர் மாதிரி உதைக்கிறது. கெண்டைக்கால் சுண்டி இழுக்கிறது. என் செருப்பு ஒன்றும் நுழையவில்லை, அப்பாவுடையதைத்தான் போட்டுக்கொள்கிறேன், அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "என் செருப்பையும் வாங்கிட்டா, இனி எங்கயும் ஓட முடியாது" என்று சொல்லிச் சிரிக்கிறார். போன வாரம் வயிறு இறுகி இறுகி விட்டது, வலி வந்துவிட்டது என்று பையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், அங்கே ஒரு நர்ஸ் பார்த்துவிட்டு இது பொய்வலி, போய்த் தூங்குங்கள் என்று அனுப்பிவிட்டாள். பொய்வலியாம். வலிப்பது எனக்கு, பொய் என்பது அவளுக்கு. இதெல்லாம் எல்லோருக்கும் வருவதுதான், இதற்காக உனக்கு எழுத மாட்டேன். எழுதுவது அரிப்பைப் பற்றி.

சிரிக்காதே. உள்ளங்கை அரிக்க ஆரம்பித்தது, அப்புறம் உள்ளங்கால். நம் வீட்டில் கை அரிப்பதை யாராவது பொருட்படுத்துவார்களா சொல், சலவைக் கடை வைத்திருக்கிறவர்களுக்கு அது தொழிலோடு வருவது. அப்பாவுக்குக் கறை எடுக்கும் திரவம் பட்டால் அரிக்கும், அத்தைக்குப் பவுடர், இஸ்திரி போடுகிறவருக்குக் கஞ்சி. அரித்தால் பவுடரை மாற்று, கையுறை போடு, எண்ணெய் தடவு, அவ்வளவுதான் நமக்குத் தெரிந்த வைத்தியம். டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் வேறென்ன தொந்தரவு என்று கேட்பார், நான் நெஞ்செரிச்சலைச் சொல்வேன், கால் வீக்கத்தைச் சொல்வேன், அரிப்பைச் சொன்னதே இல்லை. சலவைக் கடைக்காரி கை அரிக்கிறது என்று டாக்டரிடம் சொல்வது, மீன் பிடிக்கிறவர் சட்டை நனைகிறது என்று முறையிடுவதைப் போல இருக்காதா. ஆனால் மனசுக்குள் எனக்கு ஒரு சந்தேகம் விழுந்துவிட்டது. இத்தனை வருஷம் அரிக்காத பவுடர் இப்போது ஏன் அரிக்கிறது. ஒரு நாள் அப்பா வங்கிக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கீழே இறங்கி, பவுடர் டிரம்மைத் திறந்து மோந்து பார்த்தேன். பழைய நீல டிரம்தான், பழைய பேர்தான் ஒட்டியிருக்கிறது, ஆனால் வாசனை வேறு. கர்ப்பிணி மூக்கைப் பற்றி உனக்குத் தெரியாது, பக்கத்து வீட்டில் தீக்குச்சி உரசினால் இங்கே தெரியும். ஒரு கரண்டி எடுத்துத் தண்ணீரில் கரைத்து, காரம் பார்க்க மெஷின் கம்பெனிக்காரர் கொடுத்த சோதனைத் தாளை நனைத்துப் பார்த்தேன். பழையது பச்சையோடு நிற்கும், இது கருநீலத்துக்கே போய்விட்டது. படித்த படிப்பு எதற்கு இருக்கிறது. அப்பா வந்ததும் கேட்டேன், அதே பவுடர்தான் என்றார், என் கண்ணைப் பார்க்காமல் தன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு சொன்னார். தாளைக் காட்டினேன். அப்புறம்தான் வாயைத் திறந்தார், பழைய கம்பெனி அதைச் செய்வதை நிறுத்திவிட்டதாம், புதியதை வாங்கிப் பழைய டிரம்மில் கொட்டி வைத்திருக்கிறார்கள். என்னிடம் சொன்னால் நான் ஏணி ஏறி மூட்டை மூட்டையாகப் பரிசோதிப்பேனாம், ரத்தக் கொதிப்பு ஏறுமாம். அத்தைக்கும் தெரியும், அவளும் சொல்லவில்லை.

இப்போது எனக்கு எப்படி இருக்கும் சொல். ஒரு பொய்யைப் பிடித்துவிட்டால் மற்றது எல்லாமே பொய்யாகத்தான் தெரியும். என் துணிகளைத் தனியாக வெறும் தண்ணீரில் அலசச் சொன்னேன். கடைக்கே இறங்குவதில்லை என்று மேலேயே உட்கார்ந்தேன். அப்படியும் அரிப்பு நிற்கவில்லை, கூடித்தான் போனது. பகலில் சமாளித்துவிடுவேன், விளக்கை அணைத்தால் போதும், உள்ளங்காலுக்கு அடியில் எறும்புப் புற்று வைத்த மாதிரி ஆகிவிடும். குளியலறைத் தரையில் காலை வைத்துத் தேய்ப்பேன், சீப்பால் கீறுவேன், உடைகள் துலக்கும் முள் பிரஷ்ஷால்கூடத் தேய்த்தேன், ரத்தமே வந்தது. தோலில் ஒரு தடிப்பு இல்லை, ஒரு கொப்புளம் இல்லை, நான் கீறின கோடுகள் மட்டும்தான். அங்கேயே நான் யோசித்திருக்க வேண்டும், பவுடர் ஒத்துக்கொள்ளாவிட்டால் தோல் சிவக்கும், தடிக்கும், நம் கடையில் எத்தனை கை பார்த்திருக்கிறேன். யோசிக்கவில்லை. நான் யோசித்தது எல்லாம் யார் என்பதுதான். அத்தைதான் வெறும் தண்ணீரில் அலசுகிறேன் என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அடிக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். ஒரு காலுறையை வேண்டுமென்றே ஓரத்தில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன், எந்த மூட்டையிலிருந்து திரும்புகிறது என்று பார்க்க. சரியாகத் தனிப் பக்கெட்டில்தான் திரும்பியது. அப்போதும் நம்பவில்லை, முடிச்சைப் பார்த்துவிட்டுத்தான் உஷாராகிவிட்டாள் என்று நினைத்தேன். கடைசியில் ஜவுளிக்கடையிலிருந்து புதிதாக வாங்கி வந்த காலுறையை, எந்தப் பவுடரும் படாததை, போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அதிலும் அரித்தது. உடனே காலுறைக் கம்பெனி மேல் சந்தேகம் வந்தது, அந்த அளவுக்கு இருந்தது என் புத்தி.

அப்புறம் ஒரு நாள் காலையில் இஸ்திரி மேசைக்கு முன்னால் வைத்தே அத்தையைக் கேட்டுவிட்டேன், வயிற்றுப் பிள்ளைக்காரி துணியில் இப்படி விளையாடலாமா அண்ணி என்று. இஸ்திரிக்காரர் பெட்டியைத் துணி மேல் வைத்தபடியே நின்றுவிட்டார், ஒரு சட்டையின் காலர் கருகியது தனிக் கதை. அத்தை கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "பவுடர் மாத்தினதச் சொல்லாதது தப்பு, ஒத்துக்கறேன். ஆனா உன் துணியக் கெடுத்தேன்னு சொல்றியே, அதுக்கு டாக்டரே தீர்ப்பு சொல்லட்டும், நானும் வரேன்" என்றாள். சொன்னதைச் செய்பவள் அவள், உனக்குத் தெரியும். மறுநாள் பரிசோதனைக்கு அப்பா கிளம்பினார், அத்தை அவரைக் கடையில் உட்காரச் சொல்லிவிட்டுத் தானே வந்து வண்டியில் ஏறிக்கொண்டாள். மடியில் ஒரு மூடி போட்ட பாட்டில், அதில் புதுப் பவுடர். வழி முழுக்க என் பக்கம் திரும்பாமல் பாட்டிலையே பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது. அந்தப் பொய்வலி நர்ஸ் பாட்டிலைப் பார்த்துவிட்டு ஏதோ பரிசோதனைக்குக் கொண்டுவந்தது என்று பெயர்ச் சீட்டு ஒட்டப் போய்விட்டாள், அத்தை பிடுங்கிக்கொண்டாள். டாக்டரம்மா முன்னால் அதை மேசை மேல் வைத்து, இவளுக்குக் கை கால் அரிக்கிறதாம், பழியை என் மேலும் இந்தப் பவுடர் மேலும் போடுகிறாள், நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். டாக்டரம்மா பாட்டிலைத் தொடவே இல்லை. ரத்தக் கொதிப்பு அளவை எழுதிக்கொண்டே, தோல் வறண்டிருக்கும், ஒரு களிம்பு தருகிறேன் என்றார். நானும் சரி என்று எழுந்திருக்கப் பார்த்தேன். அத்தைக்கு அது போதவில்லை, தீர்ப்பு வரவில்லையே. விடாமல் சொன்னாள், "டாக்டர், மூத்தவ வயித்துல இருக்கும்போதும் இவளுக்கு இப்படியேதான் கடைசி மாசம் உள்ளங்கால் அரிச்சுது, ராத்திரி முழுக்க நான்தான் துணி நனைச்சுக் கால்ல சுத்துவேன். அப்ப இந்தப் பவுடர் கண்டுபிடிக்கவே இல்ல. அப்ப நாங்க கட்டி சோப்புதான் போட்டோம். அது இவ உடம்போட குணம், என் பவுடர் என்ன பண்ணும்." எனக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார். உள்ளங்காலா, இரவில்தான் அதிகமா, தடிப்பு இல்லையா, சிறுநீர் கருத்துப் போகிறதா என்று வரிசையாகக் கேட்டார், ஆமாம், ஆமாம், இல்லை, ஆமாம் என்று நானும் சொன்னேன், தண்ணீர் குறைவாகக் குடிக்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன் என்றேன். என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன், கல்லீரல் பார்க்கணும் என்றார், அதற்கு மேல் சொல்லவில்லை. அத்தை வண்டியில் திரும்பும்போது மெதுவாகக் கேட்டாள், அப்ப பவுடர் மேல தப்பில்லதானே என்று. எனக்குச் சந்தேகம் இடம் மாறியிருந்தது, இத்தனை மாதம் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்றவர் திடீரென்று கண்ணாடியைக் கழற்றுவது ஏன்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது கவுண்டர் போனுக்கு. நான் மேலே படியில் உட்கார்ந்திருந்தேன், அப்பா எடுத்தார், முதுகைத் திருப்பிக்கொண்டு பேசினார். வைத்துவிட்டு ஒரு போர்வையை மடித்தார், பிரித்தார், மறுபடி அதையே மடித்தார். என்ன என்றேன். வழக்கமான பரிசோதனைதான், நாளைக்கு ஒரு தடவை வந்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள் என்றார். நான் மேலே திரும்பிப் போய்ப் படுத்துப் பார்த்தேன், முடியவில்லை, கொஞ்ச நேரம் கழித்து எழுந்து அத்தை அறைக் கதவைத் தட்டினேன், பேச்சுவார்த்தை இல்லாதவள் அறைக் கதவை. அவள் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டே சொன்னாள், "ஈரல் சரியில்லையாம். பிள்ளைய சீக்கிரம் வெளிய எடுக்கணுமாம். தம்பி உங்கிட்ட சொல்ல வேணாம்னு இப்பத்தான் வந்து கெஞ்சிட்டுப் போனான். பவுடர் விஷயத்துல வாய மூடினதே போதும், இனிமே யாருக்காகவும் மூட மாட்டேன்." சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பாவிடம் இறங்கிப் போய் நான் சண்டை போடவில்லை, அவர் முகத்தைப் பார்த்ததும் போட முடியவில்லை.

மறுநாள் டாக்டரம்மாவிடம் நானே நேராகக் கேட்டேன், எல்லாவற்றையும் என்னிடம் சொல்லுங்கள் என்று. கல்லீரலிலிருந்து பித்தநீர் சரியாக வடியாமல் ரத்தத்தில் தேங்குகிறதாம், அதுதான் அரிப்பாக வருகிறதாம், கர்ப்பத்தில் சிலருக்குக் கடைசி மாதங்களில் வருமாம், பிரசவம் ஆனதும் எனக்குத் தானாகச் சரியாகிவிடுமாம். எனக்குப் பெரிய பயமில்லை, குழந்தைக்குத்தான். என் ரத்தத்தில் அந்தப் பித்த அமிலம் ரொம்பவே ஏறியிருக்கிறது, அந்த அளவில் நாள் நிறையும்வரை விட்டுவைத்தால் உள்ளேயே சில சமயம், அந்த வார்த்தையை நான் எழுத மாட்டேன். மாத்திரை கொடுத்திருக்கிறார், அது அரிப்பைக் கொஞ்சம் குறைக்குமே தவிர இதை நிறுத்தாது, அதனால் மருந்து வைத்து வலி வரவழைத்துப் பிரசவம் பார்த்துவிடலாம் என்கிறார். எனக்கு நம்பிக்கை வரவில்லை வாலு. வயிற்றில் பட்டை கட்டிக் குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்த்தார்கள், குதிரை ஓடுகிற மாதிரி அழகாக ஓடுகிறது, நர்ஸே நல்லா இருக்கு என்றாள். நன்றாக இருக்கிற பிள்ளையை முப்பத்தேழாவது வாரம் முடிவதற்குள் ஏன் அவசரப்படுத்த வேண்டும், இவர்களுக்கு வசதியான நாள் பார்க்கிறார்களா, போன முறை களிம்பு என்று விட்டதை மறைக்கப் பார்க்கிறார்களா என்றெல்லாம் தோன்றியது, தோன்றியதைக் கேட்டும் விட்டேன். டாக்டரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. களிம்பு சொன்னது என் தப்புதான், அரிப்பு என்று சொன்னதுமே நான் கேட்டிருக்க வேண்டும் என்றார். அப்புறம் அந்தப் பட்டையிலிருந்து வந்த நீளத் தாளை என் கையில் கொடுத்து, "இது இன்னிக்குக் குழந்தை நல்லா இருக்குன்னு சொல்லுதும்மா. நாளைக்கு இருக்கும்னு இது சொல்லாது. அப்படிச் சொல்ற மெஷின் எங்கிட்ட இல்ல" என்றார். இத்தனை நாளில் எனக்கு யாரும் ஆறுதல் சொல்லாமல் விட்டது அந்த ஒரு தடவைதான். அதனாலேயே அவரை நம்பினேன். சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நாளைக் காலை ஆஸ்பத்திரியில் சேர்கிறேன். பை தயாராக இருக்கிறது, அதில் உன் பழைய மஞ்சள் சால்வையையும் வைத்திருக்கிறேன். குழந்தை இப்போது விலாவுக்குக் கீழே நகர்கிறது, நகர்ந்தால் எழுதுகிறேன், நகராவிட்டால் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன், அசைவு குறைந்ததுபோல் தோன்றினால் விடியும்வரை காத்திராமல் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், முகம் சுளிக்காதே. இது அம்மாவுக்கு வந்தால் மகளுக்கும் வரலாமாம், டாக்டரம்மா சொன்னார். எப்போதாவது நீயும் ஒரு பிள்ளையைச் சுமந்தால், உள்ளங்கையும் உள்ளங்காலும் தடிப்பில்லாமல் அரித்தால், சோப்பை மாற்றாதே, துணியை மாற்றாதே, யார் மேலும் பழி போடாதே, அன்றைக்கே போய் ரத்தம் பார்க்கச் சொல். வெட்கப்படாமல் சொல். நான் கர்ப்பம் என்று சொன்ன அன்று நீ போனில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாய், அது வெட்கமா கோபமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும், அதற்காக இந்தப் பிள்ளையை வெறுக்காதே. அந்த வேலைத்தளத்தில் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் திரியாதே, சளிக்கு நீயாக மாத்திரை வாங்கிப் போடாதே.

இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமைச் சரக்கு வண்டியில்தான் உன் கைக்கு வரும், அதற்குள் எது நடக்க வேண்டுமோ அது நடந்து முடிந்திருக்கும். நீ ஞாயிற்றுக்கிழமை வரை காத்திராமல், படித்ததும் அலுவலகத்துக்கு ஏறிப்போய் போன் பண்ணு. அப்பா எடுத்து எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்பார், எது நடந்திருந்தாலும் அவர் அப்படித்தான் சொல்வார், அவர் குணம் அது, என்னை நேசிப்பதால் சொல்கிற பொய் அது, அதில் உனக்கு உதவி ஒன்றும் இல்லை. ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லிவிட்டு அத்தையைக் கேள். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன், இன்னும் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை, சாயங்காலம் பையில் துவைத்து மடித்த துணிகளை வைத்துவிட்டு, எல்லாம் வெறும் தண்ணியில அலசினது, வேணும்னா தாள் போட்டுப் பாத்துக்கோ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். நான் தாள் போடவில்லை. பிரசவ அறைக்கு யார் கூட வருவது என்று கேட்டார்கள், அவள் பெயரைத்தான் கொடுத்திருக்கிறேன்.

நீ நூறு வருஷம் உடம்பில் நோவில்லாமல், மனசில் பயமில்லாமல் இருக்க வேண்டும், அம்மாவின் முத்தங்கள் உன் தலைக்கு, உன் இரண்டு உள்ளங்காலுக்கும். மறக்காதே, யார் என்ன சொன்னாலும் உன் அத்தை தன் வாயால், பிள்ளை அழுதது, என் காதால் கேட்டேன் என்று சொல்ல வேண்டும். அவள் சொன்னால் நம்பு.

உன் அம்மா